எல்லை தாண்டி பாறசாலையில் வாடகை வீடு வாங்கப் போறீங்களா? பத்திரத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் உஷார்

கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் இஞ்சிவிளை, அடுத்து பாறசாலை, அப்புறம் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரியும் வரை இதெல்லாம் ஒரே மாவட்டம். இன்றும் பல குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம், சொத்து உண்டு. கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை, 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் இரண்டையும் காட்டி, “இப்பவே வாங்கிப் போடுங்க, வாடகை கொட்டும்” என்கிறார்கள் புரோக்கர்கள்.

கொட்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு வீட்டின் விலை 40 லட்சம் ரூபாய், மாத வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 4 லட்சம் ரூபாய், அதாவது முதல் 50 மாத வாடகை, பதிவு அன்றே போய்விடுகிறது. (தமிழ்நாட்டில் 7% + 2%, அதாவது 3.6 லட்சம்.) மொத்தம் போட்ட 44 லட்சத்துக்கு வருட வாடகை 96,000 ரூபாய். இது சுமார் 2.2% தான். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்து, ஒரு மாத வாடகை பெயின்ட், மோட்டார் ரிப்பேருக்குப் போனால் 1.8%. வாடகையை மட்டும் நம்பி வங்கிக் கடனில் வாங்கினால் தவணை கட்ட முடியாது.

விலையைவிடப் பெரிய சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘நிலம்’ என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல்! வீடு கட்டத் தகுந்த மண்ணுக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். பத்திரத்திலோ கரம் கட்டிய ரசீதிலோ ‘நிலம்’ என்று இருந்து, நேரில் தென்னந்தோப்பாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். 2008-ம் ஆண்டின் நெல்வயல், நீர்த்தட பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். அந்த சர்வே எண் ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் இருக்கிறதா என்று கிருஷி பவனிலோ வில்லேஜ் ஆபீஸிலோ கேளுங்கள். இருந்தால், முதலில் அதிலிருந்து நீக்க மனு (படிவம் 5), பிறகு தரம் மாற்ற மனு (படிவம் 6). இதெல்லாம் முடிந்த பிறகு முன்பணம் கொடுப்பதே நல்லது.

மற்ற சொற்களையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ‘ஆதாரம்’ என்றால் கிரயப் பத்திரம்; ‘முன்னாதாரம்’ நம்ம தாய்ப்பத்திரம். ‘போக்குவரவு’ பஸ் சமாச்சாரம் இல்லை, வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம். பதிவு முடிந்ததும் இதைச் செய்தால்தான் உங்கள் பெயரில் ‘தண்டப்பேர்’ எண் வரும், கரம் கட்ட முடியும்.

சரி, வாங்கியாச்சு. ஆள் வைக்கும்போது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் உள்ள 2017-ம் ஆண்டுச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கேரளத்தில் இன்றும் 1965-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான், அதுவும் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும். உங்கள் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று உள்ளூர் வக்கீலிடம் கேட்பது நல்லது. வந்தால், ‘11 மாத அக்ரிமென்ட் முடிஞ்சுது, காலி பண்ணு’ என்பது செல்லாது. வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, சொந்தத் தேவை போன்ற காரணங்களை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சொந்தத் தேவை என்று போனாலும், அதே ஊரில் உங்கள் கையில் வேறு கட்டிடம் இருந்தால் சிறப்புக் காரணம் காட்டியாக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்குபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இந்தப் பக்கம் ‘ஒற்றி’யும் சகஜம். குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை தருவார், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அது அடமானமாக இருந்தால் பதிவு கட்டாயம். வெறும் முத்திரைத் தாளில் எழுதினால் போதாது. ஒற்றிப் பணத்தை இன்னொரு வீட்டுக்கு முன்பணமாகப் போட்டுவிட்டு, இவர் கிளம்பும்போது அடுத்த ஒற்றிக்காரரைத் தேடி ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆள் வரத் தாமதமானால், திருப்ப வேண்டிய தொகை உங்கள் தலையில்தான்.