கல்லான மரமும் கல்லில் வெட்டிய சேரியும்

பௌர்ணமி என்றால் திருவக்கரைப் பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. எல்லாரும் வக்கரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள். அதே ஊரில் இருக்கும் கல்மரப் பூங்காவில் இறங்குபவர்கள் குறைவு. நாங்கள் அழைத்துப் போன மாணவர்களில் பலர் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். அவர்களும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கிட்டத்தட்ட 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அவை. வேரும் கிளையும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடக்கின்றன. அதனால், பெருவெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்து வந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கல்லாகிவிட்டது. வளையமும் கணுவும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல். 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பதிவு செய்தார். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

பிறகு சந்திரமௌலீசுவரர் கோயில். மும்முக லிங்கம் உள்ள இடம். இங்கே கற்றளி எழுப்பியவர் செம்பியன் மாதேவி என்று வரலாறு அவர் பெயரைச் சொல்கிறது. கல்லை உடைத்தவர், சுமந்தவர் பெயர்? சோழர் கல்வெட்டுகளில் நம்மைத் தேடினால் வேறு மாதிரி கிடைக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் கல்வெட்டு, ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்று எழுதுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சேரியைத் தனியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பொற்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே காலம்தான்.

"இந்த மரம் நின்னப்ப சேரி இருந்துச்சாண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். சிரித்துவிட்டோம். மனிதனே இல்லையேப்பா. ஆனால் கேள்வி சரியான கேள்வி. 'காலங்காலமான வழக்கம்' என்கிறார்களே, அந்தக் காலத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு.

இதே மாவட்டத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நம் மக்கள் உள்ளே போக 2025 ஏப்ரல் ஆனது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

திருவக்கரையைச் சுற்றி இன்றும் கல்குவாரிகள். அங்கே கல் உடைப்பவர்கள் பெயரை எந்தக் கல்லும் சொல்லப்போவதில்லை. தோழர்களே, அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோடு கிளம்புங்கள். கல்மரத்தில் ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். திரும்பியதும் உங்கள் சேரியின் மூத்த பாட்டியிடம் உட்காருங்கள். ஊர் ஏரியை வெட்டியது யார், கோயிலுக்குக் கல் இழுத்தது யார் என்று கேட்டு, பெயரோடு எழுதுங்கள்.