ரப்பர் வளர்த்த அசகான்

மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில், லேடாங் மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அசகான். அங்குள்ள அருவியை நாடி வருவோர் பலர். அவ்வூரின் வரலாற்றை நாடுவோர் சிலரே.

சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைவர் ரிட்லி ரப்பரின் பயனை எடுத்துரைத்தபோது, தோட்ட முதலாளிகள் பலர் செவிசாய்த்திலர். செவிசாய்த்தவர் மலாக்காச் சீன வணிகர் டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதனைத் தொடர்ந்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று.

அங்கே பால்மரம் சீவியோருள் தமிழர் பலர். 1967-இல் அத்தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூர் நோக்கி நடந்தனர்.

மரம் நட்ட முதலாளியின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. சீவியோர் பெயர் நிலைக்கவில்லை. அருவி காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அந்நடையையும் அவர்களுக்கு எடுத்துரைத்தல் கடன்.