எட்டு புள்ளி ஒன்பது

2002-இல் நான் பினாங்கில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பௌதிக ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு. புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்க வேண்டும். மேசை விளிம்பில் இறுக்கி வைத்த ஒரு சின்னக் கருவி, அதன் வழியாக ஓடும் காகித நாடா, நாடாவின் நுனியில் ஒட்டிய எடை. எடையை விட்டதும் கருவி டர்ர்ர் என்று நாடாவில் புள்ளி வைத்துக்கொண்டே போகும். புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து கணக்குப் போட்டால் 9.8 வர வேண்டும். எங்களுக்கு 8.9 வந்தது.

“ரெண்டு நம்பரையும் மாத்திப் போட்டா சரியாப் போச்சுடா,” என்றான் பக்கத்தில் இருந்தவன். மாற்றிப் போட்டேன். எனக்கு அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறது, உலகம் முழுக்க 9.8, நாங்கள் நாலு பேர் மட்டும் தப்பாகச் செய்துவிட்டோம், திருத்திக்கொண்டோம். அவ்வளவுதான். தவிர, அது பெக்கா காலம். இறுதித் தேர்வில் ஒரே நாளில் செய்முறை செய்து காட்டும் முறை போய், பள்ளியிலேயே ஆண்டு முழுக்கச் சோதனைகள் செய்து, அறிக்கை எழுதி, ஆசிரியர் மதிப்பெண் போடும் முறை வந்திருந்தது. கோப்பு அழகாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாருக்கும் கவலை.

மறந்துபோனது ஒன்றுதான். அறிக்கையில் நாடாவையும் ஒட்ட வேண்டும்.

சார் அடுத்த வாரம் என்னை மட்டும் கூப்பிட்டார். வகுப்பில் மலாயில்தான் பேசுவார், வெளியே எங்களிடம் தமிழ். “தம்பி, பேப்பர்ல 9.8 இருக்கு. டேப்புல என்னா இருக்கு?” ஸ்கேலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

அந்தக் கருவி எங்கிருந்து எங்கள் மேசைக்கு வந்தது என்று நான் தேடத் தொடங்கியது பல ஆண்டுகள் கழித்து. மலாயில் அதற்குப் பெயர் ‘ஜங்கா மாசா டெத்திக்’. தமிழில் எங்களுக்கு அது ‘டிக் டிக் மெஷின்’. அறிவியல் கல்வி வரலாற்றில் அதற்கு ஒரு நீண்ட பயணம் இருக்கிறது.

1956-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோல்ட் சக்கரியாஸ் என்ற பௌதிகவியலாளர், பள்ளிப் பௌதிகத்தை அடியிலிருந்து மாற்ற ஒரு குழுவைத் தொடங்கினார். சுருக்கமாக பி.எஸ்.எஸ்.சி. அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு பதறிப்போய் அறிவியல் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. 1960-இல் அவர்களுடைய பாடநூல் வந்தது. மாணவன் பௌதிகத்தைப் படிப்பவனாக அல்ல, செய்பவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதற்காக மலிவான, பையன்களே பிரித்துப் பார்க்கக்கூடிய கருவிகளை உருவாக்கினார்கள். நாடாவில் புள்ளி வைக்கும் கருவிக்கு அடிப்படை, வீட்டு வாசலில் இருக்கும் மின்மணி. மணியைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது துடிக்கும் ஒரு சுத்தியல். அதன் கீழே கார்பன் தாள், அதன் கீழே நாடா.

இதில் ஒரு சங்கதி. அந்த மணி நொடிக்கு எத்தனை முறை அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாணவர்கள் முதலில் நேரத்தை ‘டிக்’ என்ற கணக்கிலேயே அளந்தார்கள். ஒரு டிக் எவ்வளவு நேரம், எல்லா டிக்கும் ஒரே அளவுதானா என்று தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டியபோது வடிந்த தண்ணீரை எடைபோட்டு நேரம் கணித்தாரே, கிட்டத்தட்ட அதே நிலைமை. கடிகாரமே சந்தேகத்துக்கு உரியது.

பிரிட்டனில் 1962-இல் நஃபீல்ட் அறக்கட்டளை இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பௌதிகப் பகுதியை எரிக் ரோஜர்ஸ் வழிநடத்தினார். அங்கே புழங்கிய புள்ளிக் கருவி மின்மாற்றி வழியாக வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று, ஆகவே 50 புள்ளி. ஒரு டிக் 0.02 நொடி, 10 டிக் 0.2 நொடி. கணக்கு எவ்வளவு சுலபம்! மலேசியாவிலும் மின்சாரம் 50 சுற்றுதான். தீபகற்பத்தின் மின்நிலையங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன, எங்கள் ஆய்வுக்கூட மேசையில் அந்தத் தாளம் புள்ளியாக விழுகிறது. நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் ஒன்று போய்விட்டது. கடிகாரத்தைச் சோதிக்கும் வேலை இல்லை. 0.02 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சோதிப்பது என்பது மெல்ல, சரிபார்ப்பது என்று ஆகிவிட்டது.

மலேசியாவுக்கு இது இரண்டு கட்டமாக வந்தது. 1969-இல் கீழ்நிலைப் படிவங்களுக்கு ஸ்காட்லாந்து மாதிரியில் ஒருங்கிணைந்த அறிவியல். 1972-இல் நான்காம் படிவத்துக்கு நஃபீல்ட் வழியிலான ‘நவீன’ பௌதிகம். இதற்கு முன்பே, 1967-இல், தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்காக ரெக்சாம் மையம் பினாங்கிலேயே, குளுகோரில், அமைந்துவிட்டது. பாடத்திட்டம் எங்கேயோ எழுதப்பட்டாலும் அதைக் கையில் எடுத்துப் பழகிப் பார்க்கும் இடமாக இந்தத் தீவு இருந்திருக்கிறது. என் சாரும் அங்கே ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர்தான்.

இதே நேரத்தில்தான் மொழியும் மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பள்ளிகளில் 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செய்முறைப் பௌதிகம், ஆங்கிலம் வெளியேறிக்கொண்டிருந்த பள்ளிக்குள் நுழைந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார்ந்து, அப்புறம் இடைநிலைப்பள்ளிக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ‘முடுக்கம்’ என்பது ‘பெச்சுத்தான்’ ஆனது. பரீட்சையில் எழுதினோம், ஆனால் அது நாக்கில்தான் இருந்தது. நாடாவைப் பத்துப் பத்து புள்ளியாக வெட்டி வரிசையாக ஒட்டும்போதுதான் படிக்கட்டு மாதிரி ஏறும் அந்த உருவத்தைப் பார்த்து ‘ஓ, இதானா!’ என்று இருந்தது. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட நீளம். அந்தக் கூடுதல் நீளம்தான் முடுக்கம். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவைப்படவில்லை.

சாரிடம் மாட்டிய மறுவாரம் அவர் ரோப் வாக் பக்கம் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கிய துருப்பிடித்த மின்மணியோடு வந்தார். “இதுல மெஷின் செய்ங்க. எத்தன அடி அடிக்குதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்.” மணியைக் கழற்றினோம். சுத்தியல் நுனியில் ஆணி ஒட்டினோம். நாடா கிழிந்தது. ஆணியை மழுக்கினோம். மைலோ டின் மூடியை வெட்டி நாடாவுக்கு வழி அமைத்தோம். பேட்டரி இணைத்ததும் அது அடித்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

நடைபாதையில் ஒருவன் கைக்கடிகாரத்தோடு நிற்க, இன்னொருவன் நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தான். ஐந்து நொடிக்கு எத்தனை புள்ளி? 138, 146, 141, 152, 139, 143. ஒருமுறைகூட ஒரே எண் வரவில்லை. எது சரி என்று கேட்டோம். “எனக்கு எப்படிடா தெரியும்?” என்றார். ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். சராசரி எடுத்தால் நொடிக்கு 28.6. பொத்தானை அழுத்தும் விரல் கால் நொடி தாமதித்தாலே ஏழு புள்ளி கூடும் குறையும் என்று நாங்களே கண்டுபிடித்தோம். பேட்டரி களைத்தால் அடி மாறுகிறது என்பதையும். அந்தக் கருவியில் எடையை விழவிட்டு அளந்தபோது 8.4 வந்தது. 8.4 என்றே எழுதினேன். ஏன் குறைகிறது என்று கீழே அரைப் பக்கம். நாடா உரசுகிறது, ஆணி ஒவ்வொரு அடிக்கும் அதைப் பிடித்து நிறுத்துகிறது, எங்கள் டிக்கே நிச்சயமில்லை. பெக்கா கோப்பில் அதற்கு இடமில்லை. சார் அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அதே 2002-இல், எனக்குத் தெரியாமல், மத்தியப் பிரதேசத்தில் ஒரு திட்டத்தை அரசு இழுத்து மூடிக்கொண்டிருந்தது. ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972-இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கியது. பிற்பாடு ஏகலவ்யா அமைப்பு அதை நடத்தியது. தாய்மொழியில் சோதனை, பிள்ளைகளே எழுதிய முடிவுகள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைக்கும் தேர்வு உண்டு. அங்கே வேலை பார்த்த அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்தார். முப்பது ஆண்டுகள் ஓடிய திட்டம். அதைப் பற்றிப் படித்தபோது பொறாமையாக இருந்தது. எங்களுக்கு வாய்த்தது ஒரு சாரும் ஒரு மணியும். அவர்களுக்கு அது பாடத்திட்டமாகவே இருந்திருக்கிறது. அப்படியும் அது நிற்கவில்லை.

2003 ஜனவரியில் இங்கே அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு உட்பட. 2009-இல் அந்த முடிவையும் மாற்றிக்கொண்டார்கள்.

அக்கா மகள் இப்போது நான்காம் படிவம். ஒளிக்கதிரை வெட்டும் உணரி வைத்து அதே சோதனையைச் செய்கிறாள். போன வாரம் அழைத்தாள்.

“மாமா, எனக்கு 9.6 வந்துருக்கு. 9.8னு போட்டுடவா?”

“டேப் இருக்கா?”

“டேப்பா? அது என்னா மாமா?”