பிரெக்ஸிட்: பிரிந்து போக 39 பில்லியன் பவுண்டா? பில் சண்டையும் ஒரகடத்துக்கான கணக்கும்

ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரு நாடு வெளியே போகிறது. போகும்போது எவ்வளவு கட்ட வேண்டும்? பிரிட்டனில் 2016-ல் கிளம்பிய இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு அந்த நாடு 2020 ஜனவரி 31-லேயே வெளியே வந்துவிட்டது. பணத்தில் பெரும்பகுதியைக் கட்டியும் விட்டது. ஆனாலும் "உண்மையான செலவு எவ்வளவு?" என்று கேட்டால் இன்றும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள்.

"அது அவங்க ஊர் பிரச்சினை, ஒரகடத்துல இருக்கிற நமக்கு என்ன?" என்று கேட்கலாம். கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது.

வடகிழக்கு இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்று ஓர் ஊர். 1986 முதல் அங்கே நிசான் கார் ஆலை ஓடுகிறது. மைக்ரா காரை அங்கேதான் செய்துகொண்டிருந்தார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதும் புதிய மைக்ராவின் உற்பத்தி இங்கே வந்தது. இங்கே செய்த கார்கள் எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போயின. சண்டர்லாந்து வேறு மாடல்களுக்கு மாறியது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கான அடுத்த மைக்ரா பிரான்ஸுக்குப் போய்விட்டது. அந்த முடிவு 2013-லேயே அறிவிக்கப்பட்டது, பிரெக்ஸிட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் இடம் மாற எத்தனையோ காரணம் உண்டு. பிரெக்ஸிட் செலவைக் கணக்குப் போடுவதில் பாதித் தகராறு இதனால்தான்.

ரூமைக் காலி பண்ணும் கணக்கு

சிம்பிளாகச் சொன்னால் இது ரூம் கணக்கு. கம்பெனியில் வேலை பார்க்கும் ஐந்து பேர் மாத்தூர் பக்கம் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். அட்வான்ஸ் ஐவரும் போட்டது. ஃபிரிட்ஜ் இஎம்ஐயில் வாங்கியது, இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. திடீரென்று ஒருவர் "நான் தனியா போறேன்" என்கிறார். அட்வான்ஸில் அவர் பங்கைத் திருப்பித் தர வேண்டும். ஃபிரிட்ஜ் தவணையில் அவர் பங்கை அவர் கட்ட வேண்டும். "நான்தான் போறேனே, எட்டு மாசத்துக்கு நான் ஏன் கட்டணும்?" என்பார் அவர். "வாங்கும்போது நீயும்தானே தலையாட்டின?" என்பார்கள் மற்றவர்கள்.

பிரெக்ஸிட் பில்லும் இதே கதைதான். தலையாட்டிவிட்டு இன்னும் பணம் போகாத திட்டங்கள், 2020 வரைக்கான பட்ஜெட் பங்கு, ஒன்றிய ஊழியர்களின் ஓய்வூதியம் ஆகியவை பிரிட்டன் கட்ட வேண்டியவை. ஐரோப்பிய முதலீட்டு வங்கியில் பிரிட்டன் போட்ட 3.5 பில்லியன் யூரோ மூலதனம் அட்வான்ஸ் மாதிரி. அதை 12 ஆண்டுத் தவணையில் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் கட்டடங்களிலும் பங்கு கேட்கலாமே என்று பிரிட்டனில் பேச்சு எழுந்தது. விருந்துக்கு வைத்திருக்கும் ஒயின் பாட்டில்களைக்கூடச் சிலர் விடவில்லை!

பேருந்தில் எழுதிய 35 கோடி

சண்டை பில்லுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2016 வாக்கெடுப்புப் பிரசாரத்தில் வெளியேறும் தரப்பு ஒரு சிவப்புப் பேருந்தை ஊர் ஊராக ஓட்டியது. வாரத்துக்கு 35 கோடி பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் மருத்துவ சேவைக்குச் செலவிடலாம் என்பதே அதில் எழுதியிருந்ததன் சாரம்.

அந்த எண் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பிரிட்டனுக்கு 1984-லேயே மார்கரெட் தாட்சர் ஒரு தள்ளுபடி வாங்கித் தந்திருந்தார். பணம் அனுப்பும் முன்பே அதைக் கழித்துக்கொள்வார்கள். 2015-ம் ஆண்டுக் கணக்கில் தள்ளுபடி போக, வாரத்துக்கு சுமார் 25 கோடி பவுண்டுதான் போனது. விவசாய மானியம், பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி என்று திரும்பி வந்ததையும் கழித்தால் 16 கோடி சொச்சம். பேருந்தில் இருந்த எண்ணில் பாதிகூட இல்லை. பிரிட்டனின் புள்ளிவிவர ஆணையம் இதை இருமுறை கண்டித்தது. 2017-ல் போரிஸ் ஜான்சன் மறுபடி அதே எண்ணைச் சொன்னபோது, அரசுப் புள்ளிவிவரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஆணையத்தின் தலைவரே அவருக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் எண் ஒட்டிக்கொண்டது. "35 இல்லை, 25 தான்" என்று மறுத்தவர்கள், தினமும் பெரும்பணம் போகிறது என்பதை அவர்களே நினைவுபடுத்தியபடி இருந்தார்கள். அந்தப் பிரசாரத்தின் சாமர்த்தியம் அதில்தான் இருந்தது.

இந்த வகைத் தகராறு நமக்குப் புதிதில்லை. மத்திய வரியில் ஒரு ரூபாய் கொடுத்தால் தமிழ்நாட்டுக்கு 29 பைசாதான் வருகிறது என்ற வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரகடம் போன்ற தொழில் பகுதிகள் இருக்கும் மாநிலத்தில் அது எடுபடும். அங்கே பேச்சு பங்கீட்டைப் பற்றியது, பிரிந்து போவதைப் பற்றியது அல்ல. ஆனால் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எதையெல்லாம் வந்ததாக எண்ணலாம் என்ற சண்டை இரண்டிலும் ஒன்றேதான்.

100 பில்லியனிலிருந்து 39 பில்லியன் வரை

2017 மார்ச்சில் பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று குண்டைப் போட்டது: ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வெளியேறினால், சட்டப்படி ஒரு பைசாகூடக் கட்டத் தேவையில்லை. ஆனால் பிறகு நல்லுறவும் வர்த்தக ஒப்பந்தமும் வேண்டுமென்றால் கதை வேறு என்றும் அதே குழு சொன்னது. மே மாதம் ஒரு பத்திரிகைக் கணக்கு, மொத்தக் கோரிக்கை 100 பில்லியன் யூரோவைத் தொடலாம் என்றது. ஜூலையில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான்சன், அவர்கள் விசிலடித்துக்கொண்டு போகட்டும் என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார். ஒன்றியத்தின் பேச்சாளர் மிஷெல் பார்னியே திருப்பிக் கொடுத்தார்: விசில் சத்தம் எதுவும் கேட்கவில்லை, கடிகாரம் ஓடும் சத்தம்தான் கேட்கிறது.

கடைசியில் கடிகாரம்தான் ஜெயித்தது. செப்டம்பரில் பிளாரன்ஸ் நகரில் பேசிய பிரதமர் தெரசா மே, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம் என்றார். டிசம்பர் 8-ல் உடன்பாடு வந்தது. அதில் ஒரு தொகை குறிப்பிடப்படவில்லை என்பது பலருக்குத் தெரியாது. எப்படிக் கணக்கிடுவது என்ற முறை மட்டும்தான் இருந்தது. அதை வைத்து பிரிட்டன் நிதித் துறை போட்ட மதிப்பீடுதான் 35 முதல் 39 பில்லியன் பவுண்டு, அதாவது 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு. எண்ணே எழுதாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் இரண்டு எண்ணைச் சொல்ல முடிந்தது. 2021-ல் ஒன்றியத்தின் கணக்குப் புத்தகம் 47.5 பில்லியன் யூரோ என்று காட்டியபோது, தங்கள் மதிப்பீடு மாறவில்லை என்றது பிரிட்டன்.

பில்லில் வராத செலவு

ரூமைக் காலி பண்ணியவரிடம் திரும்பி வருவோம். அட்வான்ஸ், இஎம்ஐ எல்லாம் தீர்த்துவிட்டார். புது ரூம் வாடகை முழுவதும் இப்போது அவர் தலையில். கம்பெனி பஸ் நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அதற்கு மாதம் முழுக்க ஷேர் ஆட்டோ. இது யார் எழுதிய பில்லிலும் இருக்காது.

பிரிட்டனுக்கும் அப்படித்தான். அந்த நாட்டின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகம் போட்ட கணக்கு இது: ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட, நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதமும் வர்த்தகம் 15 சதவீதமும் குறைவாக இருக்கும். பிரிட்டன் பொருளாதாரத்தின் அளவு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் பவுண்டுக்கு மேல். அதில் 4 சதவீதம் என்றால் 100 பில்லியனைத் தாண்டும். அதுவும் வருஷா வருஷம். 39 பில்லியன் ஒரே ஒரு முறை, அதுவும் தவணையில்.

இந்த 4 சதவீதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. நடக்காத ஒன்றோடு நடந்ததை ஒப்பிடுகிறீர்கள், கொரோனாவும் உக்ரைன் போரும் செய்த சேதத்தை பிரெக்ஸிட் மேல் ஏற்றுகிறீர்கள் என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். கேள்வி நியாயமானது. எண் துல்லியமாக 4 தானா என்று சண்டை போடலாம். ஆனால் பில்லைவிட அது பல மடங்கு பெரியது என்பதை மறுப்பது கஷ்டம்.

சண்டர்லாந்தையே பாருங்கள். வாக்கெடுப்பில் அந்த ஊரில் 61 சதவீதம் பேர் வெளியேறு என்று போட்டார்கள். அந்த ஊர் ஆலையில் செய்யும் கார்களில் பெரும்பகுதி போவதோ ஐரோப்பாவுக்கு. பதறிய அரசு 2016 அக்டோபரில் நிசானுக்கு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தது. 8 கோடி பவுண்டு வரை உதவி என்று அதில் இருந்தது 2019-ல்தான் வெளியே தெரிந்தது. இந்தப் பணமும் 39 பில்லியனில் வராது. அதே 2019-ல், எக்ஸ்-ட்ரெயில் காரின் புது மாடலை அங்கே செய்யும் திட்டத்தை நிசான் கைவிட்டது. வணிகக் காரணங்கள்தான் முதலில், ஆனால் ஐரோப்பாவுடனான எதிர்கால உறவு தெரியாமல் திட்டமிடுவது கடினம் என்றது. பிறகு 2021-ல் மின்சார கார், பேட்டரிக்காக அங்கேயே 1 பில்லியன் பவுண்டு திட்டம் வந்தது. ஆக, ஆலை மூடும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னதும் நடக்கவில்லை, எதுவும் மாறாது என்றவர்கள் சொன்னதும் நடக்கவில்லை.

பர்மா பிரிந்தபோது

ஒரு கூட்டமைப்பிலிருந்து பிரிவதன் செலவைத் தமிழர்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா 1937 ஏப்ரல் 1-ல் தனியாகப் பிரிந்தது. அங்கேயும் முதலில் பேருந்து வாதம்தான்: எங்கள் வரிப்பணம் டெல்லிக்குப் போகிறது! 1932 தேர்தலில் பிரிவினையை எதிர்த்தவர்கள் அதிக இடம் பிடித்தும் பிரிவினை நிற்கவில்லை. இந்தியாவின் கடனில் பர்மாவின் பங்கு எவ்வளவு, ஓய்வூதியம் யார் தலையில் என்ற தகராறைத் தீர்க்க 1935-ல் ஏமரி தலைமையில் ஒரு தீர்ப்பாயம் உட்கார்ந்தது. கடன் நீண்ட கால வருடாந்திரத் தவணையானது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் தவணை நின்றது. மிச்சத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகு இரு நாடுகளும் பேசித் தீர்த்தன.

அது எழுதிய பில். எழுதாத பில் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்தது. 1930-களின் விலை வீழ்ச்சியில் விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியாமல் போக, பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்பங்கு நிலம் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்திருந்தது. ஒரே நாட்டுக்குள் போட்ட முதல், ஒரே நாளில் வெளிநாட்டு முதலாக மாறியது. போர், நில தேசியமயம், 1962 ராணுவ ஆட்சி, 1964-ல் கடைகள் பறிமுதல் என்று அடுத்தடுத்து அடி. எல்லாவற்றையும் பிரிவினைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஏமரி போட்ட கணக்கில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இல்லை. கையில் மூட்டையோடு கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காக 1969-ல் உருவானதுதான் சென்னை பர்மா பஜார்.

சரி, ஒரகடத்துக்கு?

முதல் அடி நாணயத்தில் விழுந்தது. வாக்கெடுப்புக்கு முன் 100 ரூபாயை ஒட்டி இருந்த பவுண்டு, 2016 அக்டோபரில் 85-க்கும் கீழே போனது. பவுண்டில் விலை பேசி உதிரிபாகம் அனுப்பியவருக்கு ஒரு வாக்குகூட இல்லாத தேர்தலில் ஏழில் ஒரு பங்கு வருமானம் போனது.

அடுத்தது, ஒரு கதவு இரண்டாகிவிட்டது. முன்பு பிரிட்டன் துறைமுகத்தில் இறக்கி ஒரு தடவை வரி கட்டினால், சரக்கு அங்கிருந்து அயர்லாந்து, ஜெர்மனி என்று எங்கும் போகலாம். இப்போது இந்தியாவில் செய்த பொருள் பிரிட்டனில் வரி கட்டி உள்ளே போய், பிறகு ஐரோப்பாவுக்குப் போனால் அங்கே மறுபடி வரி. தப்பிக்க வேண்டுமானால் சுங்கக் கிடங்கு, தனிக் கப்பல், தனிக் காகிதம். வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழும் அப்படித்தான், பிரிட்டனுக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று.

மூன்றாவது, பிறப்பிட விதி. பிரிட்டனும் ஒன்றியமும் தங்களுக்குள் வரியில்லாமல் கார் விற்க, காரின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு அந்த இரண்டு இடங்களில் உருவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் 10 சதவீத வரி. சண்டர்லாந்து மாதிரி ஆலைக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து பாகம் போனால், அது வெளியாள் கணக்கில் சேரும். மின்சார கார் பேட்டரிக்கான கடுமையான விதியை 2026 முடிவு வரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டனால் தனியாக யாருடனும் வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. வெளியே வந்ததால்தான் 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடு போட முடிந்தது. பிரிட்டனிலிருந்து வரும் கார்களுக்கு 100 சதவீதத்துக்கு மேல் இருந்த நம் இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை படிப்படியாக 10 சதவீதமாகக் குறையும். இங்கிருந்து போகும் பெரும்பாலான பொருள்களுக்கு அங்கே வரி இல்லை. பிரெக்ஸிட் ஆதரவாளர்கள் பெருமையாகக் காட்டும் ஒப்பந்தம் இது. பிரிட்டன் அரசின் சொந்த மதிப்பீட்டில் இதனால் நீண்ட காலத்தில் கிடைக்கும் லாபம் ஆண்டுக்கு 4.8 பில்லியன் பவுண்டு, பொருளாதாரத்தில் சுமார் 0.1 சதவீதம். அந்தப் பக்கம் 4 சதவீதம், இந்தப் பக்கம் 0.1.

மைக்ரா இப்போது ஒரகடத்திலும் இல்லை, சண்டர்லாந்திலும் இல்லை. ஒரகடம் ஆலையில் இருந்த தன் பங்கையும் நிசான் 2025-ல் ரெனோவிடம் விற்றுவிட்டது. பிரெக்ஸிட் பில்லில் கடைசியாக மிச்சமிருக்கப் போவது ஓய்வூதியத் தவணை. 2018-ல் போட்ட கணக்குப்படி அது 2064 வரை போகும்.