ஒலி ஒன்று, குலம் வேறு

அரசர்களுக்கும் நாடுகளுக்கும் வரலாறு இருப்பது போலவே சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஆனால், சொல்லின் வரலாற்றை அதன் முகத்தைப் பார்த்த அளவிலே கூறிவிட முடியாது. இதனை விளக்குவதற்கு, டச்சு மொழியில் நாள்தோறும் வழங்கும் ஒரே ஒரு வினைச்சொல்லை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அச்சொல் 'ஹெபென்' என்பது. 'உடைத்தாயிருத்தல்' என்பது அதன் பொருள். நாம் 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்று கூறும் இடத்தில், ஒல்லாந்து நாட்டார் 'நான் புத்தகத்தை உடையேன்' என்னும் பொருள்பட இவ்வினையை ஆளுவர். 'படித்திருக்கிறேன்' என்பதுபோல் முடிந்த செயலைச் சொல்லும்போதும் இதுவே துணைவினையாக வந்து நிற்கும். நமக்கு இவ்விரண்டு வேலைகளையும் 'இரு' என்னும் வினை செய்து தருகிறது. அவர்களுக்கு 'ஹெபென்' செய்து தருகிறது.

இச்சொல்லின் உறவினர் யாவர்? ஜெர்மன் மொழியில் 'ஹாபென்' என்றும், ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்றும் இதே பொருளில் சொற்கள் உள்ளன. இவை உடன்பிறந்த சொற்கள் என்பதில் ஐயமில்லை. இனித் தெற்கே நோக்குவோம். பழைய ரோமாபுரியின் இலத்தீன் மொழியில் 'உடைத்தாயிருத்தல்' என்பதற்கு 'ஹபேரே' என்பது சொல். அதன் வழிவந்த இத்தாலிய வினையும் பிரெஞ்சு வினையும் டச்சு வினையைப் போலவே துணைவினையாகவும் வருகின்றன. ஒலி ஒத்திருக்கிறது, பொருள் ஒத்திருக்கிறது, செய்யும் தொழிலும் ஒத்திருக்கிறது. இலத்தீனும் டச்சும் ஒரே மூதாய் மொழியின் வழிவந்தவை என்பதும் உண்மையே. அப்படியிருக்க, 'ஹெபென்', 'ஹபேரே' இரண்டும் ஒரே சொல் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆயினும், அவை இரண்டும் ஒரு வேரிலிருந்து பிறந்தவை அல்ல. இதனை நிலைநாட்டிய ஆராய்ச்சி 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. டென்மார்க் நாட்டு ராஸ்க் என்பவர் 1818இலும், ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் என்பவர் 1822இலும் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். சிறுவர்களுக்கான கதைகளைத் தம் தம்பியுடன் தொகுத்துப் புகழ்பெற்ற அதே கிரிம்தான் இவர். இலத்தீன் முதலிய மொழிகளில் பகரம் நிற்கும் இடத்தில் டச்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகியவற்றின் பழைய நிலையில் ஃபகரம் நிற்கும். ககரம் நிற்கும் இடத்தில் ஹகரம் நிற்கும். இலத்தீனில் தந்தை 'பாத்தெர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. இலத்தீனில் கொம்பு 'கோர்னு'; டச்சு மொழியில் 'ஹோர்ன்'. இலத்தீனில் நாய் 'கனிஸ்'. டச்சு மொழியில் 'ஹொண்ட்'. இது ஓரிரு சொற்களில் தற்செயலாக நேர்ந்ததன்று. சொல்லுக்குச் சொல் ஒழுங்காக நடந்த மாற்றம்.

இவ்விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் வினையிடம் திரும்புவோம். டச்சுச் சொல் ஹகரத்தில் தொடங்குகிறது. எனவே அதன் உண்மையான உறவுச்சொல் இலத்தீனில் ககரத்தில் தொடங்க வேண்டும். அத்தகைய சொல் இருக்கிறது. 'பற்றுதல்' என்று பொருள்படும் 'கப்பெரே' என்பதே அது. பற்றிய பொருள் கைவசமாகிறது, கைவசமானது உடைமையாகிறது. இவ்வாறு பொருள் படிப்படியாக நகர்ந்தது. டச்சு மொழியிலேயே இதற்கு மற்றுமொரு சாட்சி உண்டு. 'உயர்த்துதல்' என்னும் பொருளுடைய 'ஹெஃபென்' என்ற வினையும் இதே வேரிலிருந்து வந்தது. பற்றியதை அன்றோ உயர்த்துகிறோம்! ஒன்றில் ஃபகரமும் மற்றொன்றில் பகரத்தின் மெல்லொலியும் வருவானேன் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. பண்டைக்காலத்தில் சொல்லின் எந்த அசையை அழுத்தி ஒலித்தனர் என்பதே அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்று டென்மார்க் அறிஞர் கார்ல் வெர்னர் 1870களில் விளக்கினார்.

அப்படியானால் 'ஹபேரே'யின் உறவு எங்கே? இலத்தீனின் ஹகரத்திற்கு நேராக டச்சிலும் ஆங்கிலத்திலும் வருவது, 'கங்கை' என்னும் சொல்லின் முதலில் நாம் ஒலிப்பது போன்ற மெல்லிய ககரமே. 'ஹொஸ்திஸ்' என்னும் இலத்தீன் சொல் முதலில் அயலானையும் பின்னர்ப் பகைவனையும் குறித்தது. அதன் உடன்பிறப்பான ஆங்கில 'கெஸ்ட்' விருந்தினரைக் குறிக்கிறது. இம்முறைப்படி 'ஹபேரே'க்கு உறவாக வருவது, 'கொடுத்தல்' என்னும் பொருளுடைய டச்சு 'கேவென்', ஆங்கில 'கிவ்' ஆகியவை என்று அறிஞர் பலர் கருதுவர். கொள்வினை கொடுப்பினை என்று நாம் சேர்த்தே சொல்வதில்லையா? ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொருள் செல்வதை ஒரு மொழி ஒரு முனையிலிருந்தும், மற்றொரு மொழி மறு முனையிலிருந்தும் நோக்கியது போலும்.

இன்னொரு வகை ஒற்றுமையும் உண்டு. 'வாங்குதல்' என்பதற்கு டச்சு மொழியில் 'கோப்பென்' என்பர். இலத்தீனில் சிறு வணிகரையும் சத்திரம் நடத்துவோரையும் குறிப்பது 'கௌப்போ'. மேற்கூறிய விதிப்படி இச்சொல் ஹகரமாகவும் ஃபகரமாகவும் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. காரணம் யாதெனில், இது வழிவழி வந்த சொல்லன்று. அம்மாற்றம் நடந்து முடிந்த பின்னர் ரோமானிய வணிகரிடமிருந்து கடன்பெற்ற சொல். எந்த நூலும் குறித்து வைக்காத அந்தச் சந்தைப் பேச்சை ஒரு மெய்யெழுத்து நமக்குத் தெரிவித்துவிடுகிறது. இத்தகைய கடன் நம்மவரிடையேயும் உண்டு. 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்தில், அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று வழங்கினர். அது டச்சுச் சொல்லேயாகும்.

ஆகவே, இரு சொற்கள் ஒத்திருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: பிறப்புறவு, கடன், தற்செயல். இம்மூன்றையும் பிரித்தறியாதவர்க்கு நேரும் இடர் யாது? ஒல்லாந்து மக்களின் அண்டை நகரான ஆண்ட்வெர்ப்பில் கொரோப்பியஸ் பெக்கானஸ் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். 1569இல் அவர் வெளியிட்ட பெருநூலில், உலகின் முதல் மொழி தம்மூர் மக்கள் பேசும் மொழியே என்று சாதித்தார். கல்வியில் அவர் குறைந்தவர் அல்லர்; தாய்மொழிப் பற்றிலும் குறைந்தவர் அல்லர். அளவுகோல் ஒன்றுதான் அவரிடம் இல்லை. செவிக்கு ஒத்ததையெல்லாம் சான்றாகக் கொண்டார். பிற்காலத்தில் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், பொருந்தாத சொற்பிறப்புக் கூறுவதைக் குறிக்க அவர் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல்லை ஆக்கிவிட்டார். மொழிக்குப் பெருமை தேடப் புகுந்தவர் நகைப்புக்கு இடமானார்.

இச்செய்தி நமக்கும் உரியது. தமிழில் 'ஒன்று', ஆங்கிலத்தில் 'ஒன்'. என்னே ஒற்றுமை என்று வியப்போர் உண்டு. ஆனால், ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆன்' என்பது; டச்சில் அது 'ஏன்'. பின்னோக்கிச் செல்லச் செல்ல இவ்வொற்றுமை மறைந்துபோகிறது. இதற்கு மாறாக, தமிழில் 'பால்' என்பது கன்னடத்தில் 'ஹாலு'. 'புலி' என்பது 'ஹுலி'. 'பல்' என்பது 'ஹல்லு'. இங்கே முதலெழுத்து வேறுபடுகிறது. ஆயினும், அவ்வேறுபாடு ஒழுங்காக வருவதனால் அதுவே உறவுக்குச் சான்றாகிறது. சென்னையில் எல்லிஸ் 1816இலும், பின்னர்க் கால்டுவெல் 1856இலும் தென்மொழிகள் ஓரினம் என்று காட்டியபோது, ஒப்புமைகளை முறையாக அடுக்கிக் காட்டினர்; தனியொரு சொல்லின் ஒலியை நம்பி நிற்கவில்லை.

மாணவர்களே, வேற்றுமொழிச் சொல் ஒன்று நம் சொல்லைப் போல் ஒலிப்பதைக் கேட்டால் மகிழுங்கள், அதில் தவறில்லை. ஆனால், உறவு கொண்டாடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் பழைய வடிவம் என்ன? இந்த ஒப்புமை வேறு சொற்களிலும் தொடர்ந்து வருகிறதா? இது ஒருவர் மற்றவரிடம் வாங்கிய கடனாக இருக்கலாமா? இவற்றுக்கு விடை கண்ட பின்னர்க் கூறும் உறவே நிலைக்கும். அவ்வாறு கூறுவதால் நம் மொழியின் பெருமை ஒருநாளும் குறையாது. பிறர் மறுக்கவொண்ணாத அடித்தளம் அதற்கு அமையும்.