பட்டாடை அணிந்த இரு நபித்தோழர்கள்: தோல் அரிப்பும் மார்க்கம் தந்த சலுகையும்

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அல்அவ்வாம் (ரலி) ஆகிய இருவரும் சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் அடங்குவர். ஒருவர் மதீனாவின் பெருவணிகர். மற்றவர் களங்கள் பல கண்ட மாவீரர். இவ்விருவரும் நபி (ஸல்) அவர்களிடம் ஒருமுறை முறையிட்டது பகைவரைப் பற்றியும் அன்று, வறுமையைப் பற்றியும் அன்று; தம் உடலில் ஏற்பட்ட அரிப்பைப் பற்றியே.

ஆண்கள் பட்டு அணிவது தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவ்விருவரும் அரிப்பின் காரணமாகப் பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. மற்றோர் அறிவிப்பில் பேன் தொல்லை என்று வந்துள்ளது. எனவே அவர்களைத் துன்புறுத்தியது இன்று நாம் எக்ஸிமா என்றும் கரப்பான் என்றும் குறிப்பிடும் நோய்தான் என்று அடித்துக் கூறுதல் தகாது. ஆனால் ஒன்று தெளிவு: “வெறும் அரிப்புதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. கண்ணுக்குப் புலப்படாத அந்த வேதனைக்காக ஒரு தடையே தளர்த்தப்பட்டது.

அறிஞர்கள் கண்ட சட்டம்

பிற்கால அறிஞர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்), முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில், அரிப்புள்ள ஆணுக்குப் பட்டு ஆகும் என்ற ஷாஃபிஈ மத்ஹபின் கருத்துக்கு இந்த ஹதீஸே தெளிவான சான்று என்கிறார். இமாம் மாலிக் (ரஹ்) அதனை அனுமதிக்கவில்லை என்பதையும் அவர் அவ்விடத்திலேயே பதிவு செய்கிறார். முடிவில் வேறுபட்டபோதும், தோலின் துன்பத்தை அற்பமென்று ஒதுக்காமல் சட்டநூல்களில் இடமளித்து அவர்கள் விவாதித்தனர் என்பது கருதத்தக்கது.

தண்ணீரைப் பற்றிய இரு நிகழ்ச்சிகளும் இங்கு நினைவுகூரத்தக்கவை. இரண்டையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே கேடு வருமென அஞ்சிய அவர், தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார். பின்னர் நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற இறைவசனத்தைத் தம் காரணமாக எடுத்துரைத்தார். நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை.

மற்றது துயரமானது. பயணத்தில் கல்லடிபட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்முமுக்குச் சலுகை உண்டா என அவர் உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை கிடையாது என்று அவர்கள் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். மார்க்கத்தின் பெயரால் நோயாளிமீது சுமையேற்றுவோர் அனைவருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

மருத்துவர்கள் கண்ட வழி

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ், தேன்மெழுகையும் ரோஜாவிட்ட எண்ணெயையும் உருக்கி, நீர் கலந்து குழைத்த பூச்சைத் தோலுக்குப் பரிந்துரைத்தார். அவரது மருத்துவம் அரபியில் பெயர்க்கப்பட்டு முஸ்லிம் உலகெங்கும் பரவியது. குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் மேனியழகு பேணும் மருந்துகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். இப்னு சீனாவும் ‘அல்கானூன்’ நூலில் தோல்நோய்களை விரிவாக எழுதினார். 1162இல் மறைந்த அந்தலூஸிய மருத்துவர் இப்னு ஸுஹ்ர், சொறிநோய் கண்ட தோலில் காணப்படும் நுண்ணிய உயிரியை விவரித்தார். சொறி சிற்றுயிரியால் வருவது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. எக்ஸிமாவோ தொற்றுவதன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியே, தொழுகை வரிசையில் எக்ஸிமா உள்ள சகோதரரின் பக்கத்திலிருந்து சிலர் விலகி நிற்கின்றனர். அந்த ஒரு விலகல் நோயைவிட அதிகமாக அவரை வருத்தும்.

தீய உடல்நீர்களே தோல்நோய்க்குக் காரணம் என அக்கால மருத்துவர்கள் எண்ணினர். 1933இல் வைஸ், ஸுல்ஸ்பர்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு ‘அட்டோபிக் டெர்மடைடிஸ்’ என்று பெயரிட்டனர். 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோலுக்குப் பயனளிப்பது அறியப்பட்டது. 2006இல், தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு இந்நோய்க்கு வழிகோலுவது கண்டறியப்பட்டது. அரணில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள எரிச்சலூட்டிகள் உட்புகுகின்றன. அரிப்பு எழுகிறது, சொறியச் சொறிய விரிசல் பெருகுகிறது.

பட்டின் செய்தியும் சோதிக்கப்பட்டது. எக்ஸிமா உள்ள 300 குழந்தைகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிடப் பட்டாடை கூடுதல் பயன் தரவில்லை. இதனால் ஹதீஸுக்கு எவ்விதக் குறையும் இல்லை. நபியவர்கள் அளித்தது இரு மனிதர்களின் துன்பத்துக்கான சலுகை. எல்லாக் கரப்பானுக்கும் பட்டே மருந்து என்ற பிரகடனம் அன்று. நாம் பின்பற்ற வேண்டியது துணியை அன்று, அந்தக் கருணையை.

நம் அன்றாட வாழ்வில்

நாளொன்றுக்கு ஐவேளை உளூச் செய்யும் நமக்கு இவ்வறிவு மிகத் தேவை. கொதிநீர் தோலின் இயற்கை எண்ணெயைக் களைந்துவிடும். வெதுவெதுப்பான நீரே நன்று. ஆரோக்கியமான தோல் சற்று அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்போ காரத்தன்மை மிக்கது. உளூவுக்குச் சோப்பு தேவையும் இல்லை. துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் காயுமுன் மணமற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசவேண்டும். நகங்களைக் குறைத்து வைப்பது இயற்கை மரபும் ஆகும், சொறிந்து புண்ணாக்குவதைத் தடுப்பதும் ஆகும். அத்தரைத் தோலில் படாமல் ஆடையில் பூசுவது நன்று.

களிம்பு பூசிய உடலில் உளூக் கூடுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. எண்ணெய்ப்பசை இருந்தாலும் நீர் தோலைத் தொட்டு வழிந்தோடினால் உளூ நிறைவேறும் என்று இமாம் நவவி ‘அல்மஜ்மூஃ’ நூலில் விளக்கியுள்ளார். நீர் தோலில் படாதவாறு தடிப்பாகப் படிந்திருந்தால் அதைத் துடைத்துவிட்டு உளூச் செய்யலாம். வெடித்துப் புண்ணான தோலுக்கு நீரே கேடு என்று நம்பத்தக்க மருத்துவர் கூறினால், தயம்மும் பற்றி ஆலிமிடம் கேட்டறிய வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. அஞ்சி அறவே ஒதுக்குவோர் குழந்தையின் உறக்கத்தைப் பறிக்கின்றனர். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் பூசுவோர் தோலை மெலியச் செய்கின்றனர். மருத்துவர் கூறும் வலிமையில், கூறும் நாள்வரை பயன்படுத்துவதே நேர்வழி.

இரவெல்லாம் சொறிந்து அழும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் பொறுமையை மட்டும் போதித்துவிட்டுச் செல்லாதீர்கள். பொறுமையின் சிறப்பை நபித்தோழர்கள் நம்மைவிட நன்கறிந்தவர்கள். அவர்களே தம் அரிப்பை வாய்விட்டு முறையிட்டனர், அவர்களுக்குச் செவிசாய்க்கப்பட்டது. நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.