பாலாற்றைப் பிடித்து வைத்தவர்கள்

பாலாறு ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறல்ல. நந்தி மலைப் பக்கம் பிறந்து வயலூர் அருகே கடலைச் சேரும்வரை சுமார் 348 கிலோமீட்டர். பல மாதங்கள் அதில் மணல்தான் தெரியும். மழைக்காலத்தில் வரும் வெள்ளமும் சில நாளில் வடிந்துவிடும். அந்தச் சில நாள் தண்ணீரை ஏரியில் தேக்கத் தெரிந்தவர்களே இந்தச் சீமையை உண்மையில் ஆண்டவர்கள் என்பேன்.

சோளிங்கர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் மகேந்திரவாடி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே தனித்து நின்ற ஒரு பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். தூணில் வெட்டிய வடமொழிச் செய்யுள், மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் அந்தக் கோயில் இருப்பதாகச் சொல்கிறது. ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் அரசன் தன் பெயரையே வைத்திருக்கிறான். கோயிலுக்கு விலாசம் ஏரிக்கரைதான் என்பதைக் கவனியுங்கள்.

அந்தச் செய்யுளைப் படித்து அச்சிட்டவர் ஹூல்ட்ஷ். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர். சோளிங்கர்ப் பாறையில் இருக்கும் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டையும் அவரே வெளியிட்டார். பராந்தகனின் ஒன்பதாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 916. கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி அவனுக்காக வாளெடுத்தவன். பாண அரசர்களை வீழ்த்திய சோழன், ‘செம்பியன் மாவலிவாணராயன்’ என்ற பட்டத்தை இவனுக்குத் தந்தான். இத்தனை வீரமும் பேசும் கல்வெட்டு பொறிக்கப்பட்டது சோழவாரிதி என்ற ஏரிக்குக் கொடுத்த தானத்துக்காக! படித்தபோது சிலிர்த்துப்போனேன். போர்க்களத்தில் பெற்ற புகழை ஏரியின் கணக்கோடு சேர்த்து எழுதிவைத்த காலம் அது.

1781 செப்டம்பர் 27-இல் மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் இதே சோளிங்கரில் மோதினார்கள். கூட் வென்றார். அந்த வெற்றியால் ஒரு வயலுக்கும் தண்ணீர் பாயவில்லை. பின்னால் 1858-இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் வாலாஜாபேட்டை அருகே பாலாற்றில் அணைக்கட்டு எழுப்பினார்கள். அதன் கால்வாய்கள் இன்றும் மகேந்திரவாடி ஏரிக்கும், மூன்றாம் நந்திவர்மன் காலத்தது எனப்படும் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் நீர் கொண்டுபோகின்றன. பல்லவன் தேர்ந்த இடம் தவறவில்லை.

தவறியவர்கள் நாம்தான். தோல் தொழிற்சாலைக் கழிவால் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் குறிப்பிட்டது. ஏரி வெட்டியவனின் பெயரைக் கல்லில் காத்த மண்ணுக்கு இது நேர்ந்ததை என்னால் ஆறிப்போய் எழுத முடியவில்லை.

பாணர்கள் பாலாற்று வடகரையை எத்தனை தலைமுறை ஆண்டார்கள், பிருதிவீபதி பேரெடுத்த வல்லத்துப் போரில் இராஷ்டிரகூடர் ஏன் வந்து இறங்கினார்கள் என்பதை அடுத்த வாரம் திருவல்லத்திலிருந்து தொடங்குவோம்.